பிழைக்கும் ஒரு வடிவுண்டு: மரத்தில் எழுத்து வெட்டும் பொறியின் குற்றங்களை அறியும் முறை

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் அமைந்த நகரம் மூவார். மலேசியாவின் மரத்தளவாடத் தொழிலுக்கு இதனையே தலைமையிடம் எனலாம். இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தொழிற்சாலைகளில் செய்யப்பெறும் கட்டில், மேசை, நாற்காலிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. அவற்றிற்குப் பெரிதும் பயன்படுவது பால்மரம். 1877ஆம் ஆண்டில் நாற்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, பின்னர்த் தீபகற்பம் எங்கும் பரவிய மரம் அது. தோட்டங்களில் அதனைச் சீவிப் பால் எடுத்தவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நட்ட 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும், அம்மரம் வெட்டுண்டு விறகாவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. வெட்டியவுடன் பூஞ்சையும் வண்டும் பற்றும் இயல்புடைய அதனைப் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலால் பதப்படுத்திச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, அது தளவாட மரம் என்னும் மதிப்பைப் பெற்றது.

இன்று அம்மரத்தைச் செதுக்குவதில் கைவினைஞரின் உளிக்குத் துணையாகவும் பல இடங்களில் உளிக்கு மாற்றாகவும் நிற்பது, கணினியின் எண்களால் இயங்கும் வெட்டுபொறி. தொழிலில் இதனைச் சி.என்.சி. ரௌட்டர் என்பர். எண்களால் பொறியை இயக்கும் கருத்து அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ் என்பவரின் முயற்சியில் 1940களில் முளைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டு அத்தகைய பொறி ஒன்று இயக்கிக் காட்டப்பெற்றது. விமான உறுப்புகளை வெட்டப் பிறந்த அம்முறையே இன்று மரப்பட்டறைக்கும் வந்துள்ளது.

பொறியின் அமைப்பு எளியது. வேகமாகச் சுழலும் வெட்டுமுனை ஒன்று உண்டு. அதனைப் பிட் என்பர். அப்பிட்டை இடவலமாக நகர்த்த ஓர் அச்சும், முன்பின்னாக நகர்த்த ஓர் அச்சும், மேல்கீழாக நகர்த்த ஓர் அச்சும் உள்ளன. கணினியில் வரைந்த உருவத்தை ஒரு மென்பொருள் ‘வெட்டுப்பாதை’ ஆக்குகிறது. பிட்டின் நடுப்புள்ளி எங்குத் தொடங்கி, எவ்வழி சென்று, எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்னும் எண்களின் வரிசையே வெட்டுப்பாதை. பொறி அவ்வெண்களை ஒவ்வொன்றாகப் படித்து நடக்கிறது.

மேசைக்காலை வெட்டும்போது சிறு பிழை நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணிய உருவங்களை வெட்டும்போதோ அதே பிழை முகத்தில் அறைந்தாற்போல் தோன்றும். தமிழெழுத்து அத்தகைய நுண்ணுருவம். வளைவும் சுழியும் புள்ளியும் நிறைந்தது. ஒரு பள்ளிக்குப் பெயர்ப்பலகை வெட்டும்போது மூன்று சுழி ணகரத்தில் ஒரு சுழி அடைபட்டால், சற்றுத் தொலைவில் நிற்பவர்க்கு அது னகரமோ ணகரமோ என்னும் ஐயம் எழும். புள்ளி மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். ‘கல்வி’ என்னும் சொல் தன் புள்ளியை இழந்து பள்ளி வாயிலில் நின்றால் நேரும் இழுக்கைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய பிழை கண்டவுடன் பலரும் செய்வது, வேகத்தைக் குறைப்பது, பிட்டை மாற்றுவது, பொறியைத் திருகுவது என எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவது. அதனால் பிழை நீங்கினும் காரணம் விளங்காது. அடுத்த பலகையில் அது மீண்டும் வரும். சிறந்த வழி, பிழையையே படிப்பது.

ஏடும் பலகையும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அறிஞர்கள் இவ்வழியையே கையாண்டனர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல படிகளைத் தேடி ஒப்புநோக்கியது எல்லாரும் அறிந்த செய்தி. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதியாயினும், ஏடுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆதலின் ஓர் ஏட்டில் எகர ஏகார மயக்கம் காணப்பட்டால், அது கருவியால் வந்த குற்றம் என்று பதிப்பாசிரியர் உணர்வார். ஒரு வரியே விடுபட்டிருந்தால், எழுதுவோன் கண் ஒரு சொல்லிலிருந்து அதுபோன்ற மற்றொரு சொல்லுக்குத் தாவியது என்று உணர்வார். எல்லாப் படிகளிலும் ஒரே பிழை இருந்தால், அது அவற்றிற்கெல்லாம் மூலமான ஏட்டிலேயே இருந்தது என்று துணிவார். பிழையின் வடிவம் காரணத்தைச் சுட்டுகிறது. படிகளின் ஒப்பீடு அதனை உறுதி செய்கிறது.

வெட்டுபொறியின் பிழைகளும் இவ்வாறே. அவை பிறக்கும் இடங்கள் நான்கு: வரைபடம், வெட்டுப்பாதை, பொறி, மரம். ஒவ்வோரிடத்துப் பிழைக்கும் தனி அடையாளம் உண்டு.

வரைபடத்தின் பிழை

கணினியில் எழுத்தின் வளைவு தொடர்ந்த கோடாக இருக்கும். அதனை வெட்டுப்பாதையாக்கும்போது பல மென்பொருள்கள் வளைவைச் சிறுசிறு நேர்கோடுகளாக உடைத்துவிடும். 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை 12 நேர்கோடுகளாக உடைத்தால், கோட்டின் நடுவிடம் உண்மை வட்டத்தைவிட 0.34 மி.மீ. உள்வாங்கியிருக்கும், அது கண்ணுக்கும் விரலுக்கும் தெளிவாகப் புலப்படும். 36 கோடுகளாக உடைத்தால் அவ்வேறுபாடு 0.04 மி.மீ. அளவிற்குக் குறைந்துவிடும்.

இப்பிழையின் அடையாளம், வளைவு முழுதும் ஒரே சீராகப் பட்டை தீட்டினாற்போலத் தோன்றுதல். எத்தனை பலகை வெட்டினும் அதே இடத்தில் அதே பட்டை இருக்கும். வெட்டுமுன் கணினித் திரையில் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அது தெரியும். திரையிலேயே தெரியும் பிழைக்காகப் பொறியைத் திருகுவது, மூல ஏட்டின் பிழைக்காகப் படியெடுத்தவனைக் கடிவது போன்றது. உடைக்கும் அளவை நுண்மையாக்குவதோ, வளைவை வட்டவில்லாகவே பொறிக்கு அனுப்புவதோ மருந்தாகும்.

வெட்டுப்பாதையின் பிழை

பிட் வட்டமானது, ஆதலின் தன் ஆரத்தைவிடக் கூரிய உள்மூலையை அதனால் வெட்ட இயலாது. 3 மி.மீ. பிட் செங்கோண மூலை ஒன்றில் நுழைந்தால், மூலையின் நுனியில் 0.62 மி.மீ. மரம் வெட்டப்படாமல் நின்றுவிடும். டகரத்தை எடுத்துக்கொள்க. எழுத்தைக் குழிவாக வெட்டினால் பிட் எழுத்தின் உள்ளே ஓடும். எழுத்தின் வெளிமூலை மழுங்கும். எழுத்தைப் புடைப்பாக நிறுத்திச் சுற்றிலும் வெட்டினால் பிட் வெளியே ஓடும். எழுத்தின் உள்மூலை மழுங்கும். குழிவிலிருந்து புடைப்பிற்கு மாறும்போது மழுங்கலும் இடம் மாறுமாயின், அது பிட்டின் ஆரத்தால் வந்தது என்று துணியலாம்.

இதனினும் கொடியது மறைவுப் பிழை. பிட் நுழைய முடியாத இடத்தை மென்பொருள் பல வேளைகளில் யாதும் கூறாமலே விட்டுவிடும். 3 மி.மீ. பிட்டைக் குறித்துவிட்டு 2.5 மி.மீ. புள்ளி ஒன்றைக் குழித்தெடுக்கச் சொன்னால், வெட்டுப்பாதையில் அப்புள்ளியே இராது. புடைப்பெழுத்தில் ணகரத்தின் சுழி அவ்வாறே அடைபட்டுப்போகும். ஓலையில் எழுத்தாணிக்கு அஞ்சி விடப்பட்ட புள்ளி, மரத்தில் பிட்டின் பருமனால் விடப்படுகிறது. வெட்டுமுன் திரையில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் இதற்குக் காப்பு.

சிறிய பிட்டால் இரண்டாம் முறை வெட்டுவது ஒரு தீர்வு. கூம்புமுனைப் பிட்டால் வெட்டுவது மற்றொன்று. கூம்புப் பிட் கோடு அகன்ற இடத்தில் ஆழ்ந்தும், குறுகிய இடத்தில் உயர்ந்தும் செல்லும். ஆதலின் மூலைகளின் கூர்மை கெடாது. 60 பாகைக் கூம்பு, 2.5 மி.மீ. அகலமுள்ள கோட்டை வெட்ட ஏறத்தாழ 2.2 மி.மீ. இறங்கும். ஆயின் இதற்கு ஒரு விலை உண்டு. ஆழத்தில் நேரும் பிழை அகலத்தில் வெளிப்படும். 90 பாகைக் கூம்பில் பலகை 0.3 மி.மீ. உயர்ந்திருந்தால் கோடு 0.6 மி.மீ. தடித்துவிடும். ஒரே சொல்லில் சில எழுத்து தடித்தும் சில மெலிந்தும் இருந்தால் முதலில் ஐயுற வேண்டியது பலகையின் சமமின்மையையே.

பொறியின் பிழை

பலர் முதலில் ஐயுறுவது மோட்டாரின் படிகளை. ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகவே நகரும் என்பது உண்மை. சாய்கோட்டை அத்தகைய படிகளாகப் பிரித்து நடத்தும் கணக்கு ஒன்றை 1962இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜாக் பிரெசன்ஹாம் வரைபொறிக்கென வகுத்தார். அது 1965இல் வெளியாயிற்று. ஆயின் ஒரு சுற்றுக்கு 200 படியுள்ள மோட்டார், 5 மி.மீ. புரியுள்ள திருகுதண்டைச் சுழற்றினால் ஒரு படி 0.025 மி.மீ. மட்டுமே. அப்படியை எட்டாகப் பகுத்தால் 0.003 மி.மீ. மரத்தில் இதனைக் காண இயலாது. குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது.

முதலாவது, தண்டுக்கும் மரைக்கும் இடையே உள்ள தளர்வு. இதனைப் பேக்லாஷ் என்பர். ஓர் அச்சு திசை மாறும்போது, தளர்வு நீங்கும்வரை மோட்டார் சுழன்றும் பிட் நகராது. வட்டத்தின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் இடவல அச்சு திசை மாறுகிறது; மேற்கோடியிலும் கீழ்க்கோடியிலும் முன்பின் அச்சு மாறுகிறது. ஆகவே வட்டத்தின் இடவலக் கோடிகளில் மட்டும் சிறு தட்டை தோன்றினால் இடவல அச்சில் தளர்வு. மேல்கீழ்க் கோடிகளில் தோன்றினால் மற்றதில் தளர்வு. 0.2 மி.மீ. தளர்வு 400 மி.மீ. மேசைப்பலகையில் ஒரு பொருட்டன்று, 4 மி.மீ. புள்ளியில் அது விட்டத்தின் இருபதில் ஒரு பங்கு. புள்ளி முட்டையாவது இதனாலேயே.

இரண்டாவது, படி தவறுதல். வேகம் மிகுதியாலோ தண்டவாளத்தில் மரத்தூள் அடைவதாலோ மோட்டார் சில படிகளை இழந்துவிடும். பொறி அதனை அறியாது. அவ்விடம் முதல் எல்லா எழுத்தும் ஒரு பக்கமாக விலகி நிற்கும். அதற்கு முன் வெட்டியவை செம்மையாக இருக்கும். வேலை முடிந்தபின் பிட்டைத் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பினால், அது முன்னிருந்த இடத்தில் நில்லாது.

மூன்றாவது, அளவுப் பிழை. 100 மி.மீ. நீளம் 100.5 ஆகவும், 200 மி.மீ. நீளம் 201 ஆகவும் வந்தால், ஒரு மி.மீ.க்கு இத்தனை படி என்று பொறிக்குச் சொல்லப்பட்ட எண் தவறு. உருவத்தோடு பிழையும் வளர்வது இதன் அடையாளம். சதுரம் ஒன்றின் இரு மூலைவிட்டங்களும் ஒவ்வாவிடின், இரு அச்சுகளும் தம்முள் செங்குத்தாக இல்லை என்பது பொருள்.

நான்காவது, மூலையைச் சுருக்கிச் செல்லுதல். பொறியும் எடையுள்ளது, நினைத்த இடத்தில் நிற்க இயலாது. வினாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் செல்லும் பொறி, வினாடிக்கு வினாடி 500 மி.மீ. வீதம் வேகம் குறைக்க வல்லதாயின், நிற்பதற்கு 2.5 மி.மீ. தூரம் வேண்டும். ஒரு சிறு சுழியின் அகலமே அவ்வளவுதான். ஆதலின் சில கட்டுப்பாட்டுக் கருவிகள், ஒவ்வொரு மூலையிலும் நின்று செல்லாமல் அடுத்த கோட்டோடு வளைத்துச் சேர்த்துவிடும். பொறியின் கட்டளை மொழியில் ‘ஜி 64’ என்பது இவ்வாறு தொடர்ந்து செல்லவும், ‘ஜி 61’ என்பது பாதை வழுவாது செல்லவும் பல பொறிகளில் பயன்படும். வேகத்தைப் பாதியாக்கியவுடன் மூலை கூர்மையடைந்தால் காரணம் இதுவே. பிட்டின் ஆரத்தால் வந்த மழுங்கலோ வேகம் குறைப்பதால் மாறாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு பிழைகளை இச்சோதனை ஒன்றே பிரித்துக் காட்டும்.

ஐந்தாவது, பிட் வளைதல். ஒரு பிட் பிடியிலிருந்து நீண்டிருக்கும் நீளம் இருமடங்கானால் அதன் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்காகும். ஒரே வீச்சில் ஆழ வெட்டிய பள்ளத்தின் சுவர் அளவு தவறியிருந்து, மெல்லிய இரண்டாம் வெட்டில் செம்மைப்பட்டால், பிட்டை இயன்ற அளவு குட்டையாகப் பிடிப்பித்தல் வேண்டும்.

மரத்தின் பிழை

பொறி எவ்வளவு செம்மையாயினும் மரம் மரமே. ஜொகூரின் காற்றில் ஆண்டு முழுதும் ஈரம் மிகுதி. சூளையில் உலர்ந்த பலகை காற்றின் ஈரத்தை ஏற்று நாரின் குறுக்கே விரியும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றால் வளையும். மேலும், பால்மரத்தின் சில பகுதிகளில் இழுவிசை நார் மிகுந்திருக்கும். அங்கு வெட்டு வழவழப்பாக இராது பஞ்சுபோல் எழும். புடைப்பெழுத்தின் புள்ளி சிறு தூணாக நிற்கும். நார் அதன் குறுக்கே ஓடுவதால் சிறு தட்டலுக்கும் உதிரும்.

மரத்தால் வரும் பிழையின் அடையாளம், அது பலகைக்குப் பலகை மாறுதல். ஒரே வெட்டுப்பாதையை இரு பலகைகளில் ஓட்டி, பிழை வேறுவேறு இடத்தில் வந்தால் மரத்தையும் அதனைப் பிடித்திருக்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும்.

ஆழப் பிழையிலும் இவ்வாறு பிரித்தறிய வேண்டுவதுண்டு. பிட்டைப் பற்றியிருக்கும் கோலெட் என்னும் பிடி தளர்ந்திருந்தால், பிட் சிறிதுசிறிதாகக் கீழிறங்கி, பின்னே வெட்டும் எழுத்துகள் ஆழ்ந்துகொண்டே போகும். அடிப்பலகை சமமாக இல்லாவிடினும் சில எழுத்துகள் ஆழ்ந்திருக்கும். இரண்டையும் பிரிக்க, எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழ் வரிசையில் வெட்டுக. ஆழ்ந்த எழுத்துகள் பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் அடிப்பலகையில். பின்னர் வெட்டியவையே ஆழ்ந்தால் குற்றம் பிடியில்.

சோதனைப் பலகை

மேற்கூறியவற்றையெல்லாம் ஒருங்கே அறிய, விலையுயர்ந்த பலகையில் கை வைக்குமுன் சிறு துண்டு மரத்தில் சோதனை எழுத்துகளை வெட்டுதல் நன்று. தமிழெழுத்தே இதற்குத் தகுந்த உரைகல். ஆய்தத்தின் மூன்று புள்ளிகள் வட்டத்தின் செம்மையையும் இடைவெளியையும் காட்டும். டகரம் மூலையைக் காட்டும். ணகரமும் னகரமும் சுழிகளைக் காட்டும். பகரத்தின் இரு நிமிர்கோடுகள் அகலத்தின் ஒருமையைக் காட்டும்.

வரிசை இதுவாகலாம். முதலில் திரையில் பாதையைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுக. இரண்டாவது, ஒரே பாதையை இரு துண்டுகளில் வெட்டி ஒப்பிடுக. பிழை இரண்டிலும் ஒன்றாயின் மரம் குற்றமற்றது. மூன்றாவது, வேகத்தைப் பாதியாக்கி வெட்டுக. நான்காவது, வரைபடத்தை மட்டும் 90 பாகை திருப்பி வெட்டுக. பிழை எழுத்தோடு திரும்பினால் அது வரைபடத்திலோ பாதையிலோ உள்ளது. எழுத்து திரும்பியும் பிழை பொறியின் பழைய திசையிலேயே நின்றால் அது பொறியில் உள்ளது. ஒவ்வொரு முறையும் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். வெட்டிய துண்டுகளின் பின்புறத்தில் நாளும் வேகமும் பிட்டின் அளவும் எழுதி வைத்தால், அடுத்த முறை ஒப்பிட ஒரு படி கிடைக்கும்.

பால்மரம் சீவியோர்க்கு நுட்பம் புதிதன்று. பட்டையை ஆழச் சீவாவிடில் பால் வாராது. மிக ஆழ்ந்தாலோ உள்ளிருக்கும் வளர்படை புண்பட்டு மரத்தில் முடிச்சு விழும். இடையில் மிச்சம் விடத்தக்கது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டை. விடியற்காலை இருளில், விளக்கு வெளிச்சத்தில், அளவுகோலின்றி அவ்வளவைக் கை காத்தது. கை தவறிய இடத்தில் விழுந்த முடிச்சைப் பலகையில் இன்றும் காணலாம். அது எந்தச் சீவலின் பிழை என்று மரம் அறிந்தவர் சொல்லிவிடுவர். அம்மரத்தின் மேலேயே இன்று பொறி தமிழ் எழுதும்போது, அதன் பிழையையும் அவ்வாறே வாசித்துச் சொல்ல வல்லவர் பட்டறைதோறும் ஒருவர் இருப்பாராயின், பள்ளி வாயிலில் நிற்கும் ‘கல்வி’ தன் புள்ளியோடு நிற்கும்.